நோவாவின் வில்லும் ஒரு தீவு யாத்திரையும்

நம்மவரிடையே பிறர் வீட்டுக்குப் போவதற்கு இரண்டு விதமான ஆசாரங்கள் உண்டு. கல்யாண வீடாயினும் நோயாளி வீடாயினும் கையில் பழமோ பூவோ எடுத்துக்கொண்டு போகிறோம். திரும்பும்போது வாசலில் ஒரு கணம் நின்று, "போய் வருகிறேன்" என்று சொல்லிக்கொண்டு புறப்படுகிறோம். துக்க வீட்டுக்கோ வெறுங்கையோடு போய், சிறிது நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்துவிட்டு, எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்துவிடுகிறோம். "வருகிறேன்" என்ற சொல் அந்த வாசலில் இன்னொரு துக்கத்தை அழைப்பதாக ஆகிவிடுமோ என்ற அச்சந்தான் அதற்குக் காரணம். இவ்விரண்டில் எந்த ஆசாரத்தை அனுசரித்துத் துவாலு என்னும் தீவு நாட்டுக்குப் பிரயாணம் செய்வது என்பதே சென்ற ஆறு மாத காலமாக என்னை அலைக்கழித்து வரும் சந்தேகம். விமானச் சீட்டு, தங்குமிடம், பணமாற்று முதலிய லௌகிக விஷயங்கள் எல்லாம் ஒருவாறு முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் முடியாமல் நின்றது.

அந்த நாடு மூழ்கப் போகிறது என்ற செய்தியை எல்லோரையும் போல நானும் பத்திரிகையில்தான் படித்தேன். 2021-இல் கிளாஸ்கோ நகரில் கூடிய உலகப் பருவநிலை மாநாட்டுக்காக, துவாலுவின் வெளியுறவு அமைச்சராக இருந்த சைமன் கோஃபே என்பவர், கோட்டும் டையும் அணிந்து, கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, முழங்கால் மட்டும் கடல் நீரில் நின்றபடி பேசிய படம் உலகெங்கும் பரவியது. அதைப் பார்த்த மாத்திரத்தில் என் மனத்தில் எழுந்தது இரக்கம் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஆசைதான். உண்மையில் எழுந்தது, 'அது போவதற்குள் ஒரு முறை பார்த்துவிட வேண்டும்' என்ற ஆவல். நாடகக் கம்பெனி ஊரை விட்டுப் போவதற்குள் கடைசி ஆட்டத்தைப் பார்த்துவிடத் துடிக்கிறவனுடைய ஆவலுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருந்ததாக இப்போது தோன்றவில்லை.

சீட்டு ஏற்பாடு செய்து தரும் இளைஞரிடம் போய்ச் சொன்னபோது, அவர் கணிப்பொறியில் நெடுநேரம் தேடிவிட்டு, "சார், அங்கே பார்க்க என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'பார்க்க இருப்பது இனி இல்லாமல் போவதுதான்' என்று சொல்லியிருந்தால் அவர் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ! தலைநகரான ஃபுனாஃபுட்டியின் விமான நிலையத்துக்கு உலக விமானப் போக்குவரத்தார் இட்டிருக்கும் குறியெழுத்துக்கள் எஃப், யூ, என் என்ற மூன்று. சேர்த்துப் படித்தால் ஆங்கிலத்தில் களிப்பு, கேளிக்கை என்று பொருள்படும். துக்கம் விசாரிக்கப் புறப்பட்டவன் கையில் அந்த எழுத்துக்கள் அச்சிட்ட சீட்டு வந்து சேர்ந்தது.

போகும் வழி சுற்று வழி. இங்கிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பிஜித் தீவின் நாடி நகரம், பிறகு சுவா நகரத்தை அடுத்த நவுசோரி. நவுசோரியிலிருந்து வாரத்தில் சில நாட்கள் மட்டும் புறப்படும் சிறிய விமானம் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட கடலை வடக்கு நோக்கித் தாண்டினால் ஃபுனாஃபுட்டி. மொத்தம் ஒன்பது தீவுகள். ஆயினும் துவாலு என்ற பெயருக்கு 'சேர்ந்து நிற்கும் எட்டு' என்றுதான் பொருள், ஏனெனில் ஒன்பதாவதான சிறு தீவில் முன்னாளில் நிலையான குடி இல்லை. எல்லாத் தீவுகளையும் கூட்டினாலும் நிலப்பரப்பு 26 சதுர கிலோமீட்டர். மக்கள் சுமார் பதினோராயிரம் பேர். எந்த இடத்திலும் தரை கடல்மட்டத்துக்கு மேல் ஐந்து மீட்டரை எட்டுவதில்லை. ஆங்கிலேயர் எல்லிஸ் தீவுகள் என்ற பெயரில் ஆண்டு வந்த இந்த நாடு 1978-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி சுதந்திரம் அடைந்தது. வருஷத்துக்குச் சில ஆயிரம் பேரே வெளியிலிருந்து வருகிறார்கள். அவர்களிலும் உத்தியோக நிமித்தம் வருகிறவர்களே மிகுதி. 2025 வரையில் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்றுகூட நாட்டில் இருந்ததில்லை. வருகிறவர் ஆஸ்திரேலிய டாலரை மடியில் கட்டிக்கொண்டுதான் வரவேண்டியிருந்தது.

விமான ஓடுபாதையைப் பற்றிப் படித்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்கப் படையினர் அமைத்தது அது. சில இடங்களில் கல்லெறியும் தூரத்துக்கு மேல் அகலமில்லாத ஊரில், தென்னையும் வீடும் இல்லாத வெட்டவெளி அது ஒன்றுதான். ஆகவே மாலை நேரத்தில் பிள்ளைகள் அங்கே பந்தாடுகிறார்கள், பெரியவர்கள் உலாவுகிறார்கள், புழுக்கமான இரவுகளில் பாய் விரித்துப் படுக்கிறவர்களும் உண்டு. விமானம் வரும் நேரத்தில் சங்கு ஊதுகிறது. உடனே பந்தும் நாயும் குழந்தையும் விலகுகின்றன. விமானம் இறங்கி, மறுபடி ஏறிப் போன பிறகு ஆட்டம் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. இறக்கும் தறுவாயில் இருப்பதாக நான் எண்ணியிருந்த வீட்டின் முற்றம் இது.

என் பிரயாணத்தின் நோக்கத்தில் முதல் விரிசலை உண்டாக்கியவர் எதிர்வீட்டுப் பெரியவர். நாகர்கோவிலை அடுத்த மயிலாடிக்காரர். பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேதாகமத்தை ஆண்டுக்கு ஒருமுறை ஆதியாகமத்திலிருந்து கடைசிவரை வாசித்து முடிப்பதை நாற்பது வருஷமாக விடாமல் செய்து வருகிறவர். துவாலு என்ற பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "அது எங்க லண்டன் மிஷன் சபை அல்லவா, தம்பி!" என்றார். 1806-இல் ரிங்கல்தௌபே பாதிரியார் மயிலாடிக்கு வந்து தொடங்கிய அதே இலண்டன் மிஷன் சங்கத்தின் ஊழியந்தான், அறுபது ஆண்டு கழித்து, வேறொரு கிளையாகப் படர்ந்து அந்தத் தீவுகளைச் சென்றடைந்தது. இன்று துவாலு மக்களில் மிகப் பெரும்பாலோர் சேர்ந்திருக்கும் சபை அதன் வழித்தோன்றலே. நாட்டின் முத்திரை வாசகமும் தேசிய கீதத்தின் தலைப்பும் ஒன்றே. துவாலு கடவுளுக்கே என்பது அதன் கருத்து.

அந்தச் சபை அங்கே வேரூன்றிய கதையைப் பெரியவர் எடுத்துத் தந்த புத்தகத்தில் படித்தேன். அதில் ஒரு பகுதி இந்த விசாரணைக்கு மிகவும் வேண்டியதாக இருப்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். 1861-ஆம் ஆண்டு, குக் தீவுகளில் ஒன்றான மணிஹிக்கியில் சபைத் தொண்டராக இருந்த எலிக்கானா என்பவர், சிலரோடு தோணியில் ஏறி அண்டைத் தீவிலிருந்து ஊர் திரும்பும் வழியில் புயலில் திசை தவறினார். சில மணி நேரப் பயணமாக எண்ணிப் புறப்பட்டது எட்டு வார அலைச்சலாயிற்று. மழை நீரையும் இருந்த தேங்காயையும் கொண்டு உயிர் பிழைத்தவர் போக, எஞ்சியவர் கடலில் மாண்டனர். தோணி கடைசியில் துவாலுவின் தென்பகுதியிலுள்ள நுக்குலேலே என்னும் சிறு தீவில் ஒதுங்கியது. கரையேறிய அந்த மனிதரிடம் இருந்த பெருஞ்செல்வம் ஒரு வேத புத்தகம். அதிலிருந்து அவர் சொல்லிக் கொடுத்தவற்றைக் கேட்டுத் தீவு மக்கள் மேலும் கற்க ஆசைப்பட்டார்கள். அவர் சமோவாவுக்குப் போய், அங்கிருந்த வேத கலாசாலையில் பயின்று, 1865-இல் மரே என்ற மிஷன் பாதிரியாரோடு உபதேசியாராகத் திரும்பி வந்தார். அன்று முதல் நெடுங்காலம் அந்தத் தீவுகளின் உபதேசியார்கள் சமோவா நாட்டவர். சபையில் படித்ததும் சமோவா மொழி வேதாகமமே.

எலிக்கானா போனதற்கும் திரும்பியதற்கும் நடுவே, 1863-இல், வேறு கப்பல்கள் அங்கே வந்தன. பெரு நாட்டுக்கு அடிமையாட்களைப் பிடித்துப் போகும் கப்பல்கள் அவை. கடவுளைப் பற்றிக் கற்றுத் தரும் இடத்துக்கு அழைத்துப் போகிறோம், தேங்காயெண்ணெய் எடுக்கும் வேலையும் தருகிறோம் என்று அந்தக் கப்பற்காரர் சொன்னார்களாம். கல்விக்குக் காத்திருந்த ஜனங்கள் நம்பி ஏறினார்கள். முந்நூறு பேர் இருந்த நுக்குலேலேயில் நூறு பேருக்கும் குறைவாகவே எஞ்சியதாக மரே எழுதி வைத்திருக்கிறார். ஏறிப் போனவர்கள் திரும்பவில்லை. எலிக்கானா திரும்பி வந்தபோது, தம்மை வரவேற்கக் கரைக்கு ஓடிவர வேண்டிய முகங்களைத் தேடி எத்தனை நேரம் நின்றிருப்பார்! வாக்கை நம்பி ஏமாந்தால் என்ன ஆகும் என்பதை அந்தச் சிறு தீவைப் போல் தெரிந்துகொண்ட இடங்கள் உலகில் அதிகம் இரா. அப்படியிருந்தும் அவர்கள் ஒரு வாக்கை இன்றுவரை விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

அது நோவாவுக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. ஜலப்பிரளயம் வடிந்து, பேழை மலைமேல் தங்கி, நோவா வெளியே வந்து பலியிட்ட பின், இனி ஒரு பிரளயத்தினால் பூமியை அழிப்பதில்லை என்று ஆண்டவர் உடன்படிக்கை செய்து, அதற்கு அடையாளமாக மேகத்தில் வில்லை வைத்ததாக ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரம் கூறுகிறது. கடல் உயர்கிறதாமே என்று கேட்கும் வெளிநாட்டாரிடம் துவாலுவின் முதியவர்கள் பலர் இந்த அதிகாரத்தைத்தான் பதிலாகச் சொல்கிறார்கள். போய்வந்தவர்களும் ஆராய்ச்சியாளரும் இதைத் திரும்பத் திரும்பக் குறித்திருக்கிறார்கள்; குறித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு மென்னகையோடுதான் குறித்திருக்கிறார்கள். படித்தபோது நானும் நகைத்தேன் என்பதை ஒளிப்பானேன்?

பெரியவர் நகைக்கவில்லை. "நீங்க அதை ஜோசியம்னு நினைக்கிறீங்க, தம்பி. வாக்குத்தத்தம் ஜோசியம் இல்லை" என்றார். அன்றிரவு தூக்கம் வராமல் படுத்திருந்தபோது அந்தப் பேச்சின் தாத்பரியம் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. ஜோசியம் வரப்போகும் நிகழ்ச்சியைப் பற்றியது. பலித்தால் மெய், பலிக்காவிட்டால் பொய். வாக்கோ, கொடுத்தவனுக்கும் பெற்றவனுக்கும் நடுவிலுள்ள பந்தத்தைப் பற்றியது. சுரத்தில் கிடக்கும் குழந்தையிடம் தாய், "ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன்" என்கிறாள். அவள் வைத்தியம் அறிந்தவள் அல்லள். சுரம் எத்தனை நாளில் இறங்கும் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆயினும் அவள் சொன்னது பொய்யென்று எந்தக் குழந்தையும் பின்னாளில் வழக்காடியதில்லை. நுக்குலேலேயின் கிழவி வில்லைச் சுட்டிக்காட்டும்போது, அலை எத்தனை அங்குலம் உயரும் என்று அவள் கணக்குச் சொல்லவில்லை. தான் கைவிடப்பட்டவள் அல்லள் என்று சொல்கிறாள். நாம் அந்தப் பேச்சை ஓர் அளவுகோலால் அளந்துவிட்டு அவளைப் பேதை என்கிறோம்.

ஆனால் இந்தச் சமாதானம் எனக்கே முழுத் திருப்தி தரவில்லை. கைவிடப்படவில்லை என்ற நம்பிக்கை வேறு, காலடியில் ஏறும் நீர் வேறு. அந்த நாட்டுப் போதகரிலும் இளைஞரிலும் சிலர் இதையே எடுத்துக் கேட்கிறார்கள்: ஆண்டவர் பிரளயத்தை அனுப்புவதில்லை என்றுதானே வாக்குக் கொடுத்தார், மனிதர் அனுப்பும் பிரளயத்தைப் பற்றி அந்த உடன்படிக்கையில் என்ன இருக்கிறது? 2004-இல் அண்டை நாடான கிரிபாத்தியில் கூடிய பசிபிக் திருச்சபையாரும், வெப்பம் ஏறுவது மனிதர் செயலால் விளைவது என்றே அறிக்கை விட்டார்கள். இந்த வாதம் மிகவும் கூர்மையானது. கடவுளின்மேல் பழி போடாமலும் முதியவர்களின் விசுவாசத்தை நகையாடாமலும் குற்றத்தை அதற்குரிய வாசலில் கொண்டுபோய் வைத்துவிடுகிறது. அந்த வாசல் துவாலுவில் இல்லை. பதினோராயிரம் பேர் எரிக்கும் எண்ணெய் எம்மாத்திரம்? அந்த வாசல்களில் ஒன்று, நாலு விமானம் ஏறி அவர்களைப் பார்க்கப் போகும் என்னுடையது.

நம்முடைய புராணங்களில் இப்படி ஒரு வாக்கு இல்லை என்பதையும் இங்கே நினைத்துக்கொண்டேன். கிருதமாலை நதியில் கை நிறைய நீரை அள்ளிய சத்தியவிரதனிடம் மீனாக வந்த பகவான், பிரளயம் வரும், ஓடம் வரும், ஏறிக்கொள் என்றுதான் சொன்னார். இனி வராது என்று சொல்லவில்லை. கல்பந்தோறும் பிரளயம் வந்துகொண்டுதான் இருக்கும். சீகாழிக்குத் தோணிபுரம் என்று பெயர் வந்ததும் அப்படியே. உலகெல்லாம் நீரில் ஆழ்ந்தபோது பிரணவமே தோணியாக உமையோடு மிதந்து வந்த பெருமான் தங்கிய இடம் என்பது தல புராணம். இன்றும் கட்டுமலைமேல் தோணியப்பரைத் தரிசிக்கிறோம். இதைப் பெரியவரிடம் சொன்னபோது அவர் சற்று யோசித்து, "உங்களுக்குத் தோணி, எங்களுக்கு வில்லு" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு, "எங்களுக்கும் தோணி உண்டு, தம்பி. வில்லுக்கு முந்தி பேழை இருந்ததே. நோவா பேழையைச் செய்தது அவிசுவாசத்தினாலேயா?" என்று கேட்டார். விசுவாசம் என்றால் கையைக் கட்டிக்கொண்டிருப்பது என்று நான் வைத்திருந்த அர்த்தம் அந்தக் கேள்வியில் ஆட்டங்கண்டுவிட்டது.

விஞ்ஞானத்தின் பக்கம் திரும்பினால் அங்கும் கதை நான் நினைத்தபடி நேராக இல்லை. பவளத் தீவுகள் எப்படி உண்டாகின்றன என்று டார்வின் 1842-இல் ஒரு நூல் எழுதினார். எரிமலை ஒன்று கடலில் மெல்ல மெல்ல அமிழ்கிறது. அதன் விளிம்பைப் பற்றி வளரும் பவளப் பூச்சிகள், அது அமிழ அமிழ, வெளிச்சத்தை நாடி மேல்நோக்கிக் கட்டிக்கொண்டே போகின்றன. மலை முழுவதும் மறைந்த பின், அது இருந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம் மட்டும் நீர்மட்டத்தில் எஞ்சி நிற்கிறது என்பது அவர் கொள்கை. இதைச் சோதிக்க இலண்டன் ராயல் சொசைட்டியார் தேர்ந்தெடுத்த இடம் ஃபுனாஃபுட்டிதான். 1896-லிருந்து மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முயன்று 1,114 அடி ஆழம் வரை துளைத்தார்கள். அடிவரை பவளமே வந்தது. எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. வழக்கு அப்போது முடியவில்லை. 1952-இல் வடக்கே எனிவெடோக் தீவில் நாலாயிரம் அடிக்கு மேல் துளைத்தபோதுதான் அடியில் எரிமலைப் பாறை அகப்பட்டு, டார்வின் சொன்னது சரியென்று ஆயிற்று. ஆகவே மூழ்குவது அந்த நிலத்துக்குப் புதிதாக வந்த விபத்து அன்று. மூழ்கும் மலையின்மேல் மூழ்காமல் கட்டிக்கொண்டே வந்ததுதான் அதன் பிறப்பு.

1972 அக்டோபரில் பேபே என்ற புயல் ஃபுனாஃபுட்டியைத் தாக்கி வீடுகளில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போயிற்று. அதே இரவில் அதே கடல், ஆழத்திலிருந்து பவளக் கற்களைப் புரட்டிக்கொண்டு வந்து, 18 கிலோமீட்டருக்குக் குறையாத நீளத்துக்கு, ஆளுயரத்துக்கும் மேலாக, தீவின் புறக்கரையில் ஒரு கோட்டைமதில் போலக் குவித்துவிட்டுப் போனது. பொழுது விடிந்தபோது வீட்டை இழந்தவன் வாசலில் புதிய நிலம் கிடந்தது! 1971 முதல் 2014 வரை எடுத்த ஆகாயப் படங்களை ஒப்பிட்டுத் துவாலுவின் 101 தீவுத் துண்டுகளை அளந்தவர்கள், கடல் உயர்ந்துகொண்டிருந்த அந்தக் காலத்திலேயே நிலப்பரப்பு மொத்தத்தில் 2.9 சதவீதம் கூடியிருந்ததாக 2018-இல் வெளியிட்டார்கள். முதியவர்கள் சொன்னது நிரூபணமாயிற்று என்று இதைக் கொண்டாடுவதற்கில்லை. நிலம் இருப்பது வேறு, அதில் வாழ முடிவது வேறு. ஆறோ ஏரியோ இல்லாத அந்த ஊரில் குடிநீர் கூரையில் விழும் மழைதான்; 2011-இல் மழை பொய்த்தபோது நெருக்கடி நிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இன்னொன்று புலாக்காக் குழி. நம் சேம்பின் இனத்தைச் சேர்ந்த, ஆளுயரம் வளரும் ஒரு கிழங்கு புலாக்கா. மண்ணே இல்லாத பவளத் தரையில் அதைப் பயிரிட, பவளத்துக்கடியில் மிதக்கும் நன்னீர் தட்டுப்படும் வரையில் முன்னோர் பெருங்குழிகளை வெட்டி, தழையும் இலையுமாகக் கொண்டுவந்து கொட்டி மக்கவைத்துத் தலைமுறை தலைமுறையாக மண்ணை உண்டாக்கியிருக்கிறார்கள். குடும்பத்தின் பெருமை அதன் குழியில் இருந்தது. இப்போது பெரிய ஓதங்களின்போது உப்பு நீர் கரையைத் தாண்டி வராமலேயே, கீழிருந்து அந்தக் குழிகளில் ஊறி ஏறுகிறது. இலை மஞ்சளிக்கிறது, கிழங்கு அழுகுகிறது. முப்பது ஆண்டுகளில் கடல் சுமார் 15 சென்டிமீட்டர் உயர்ந்ததாகக் கணித்திருக்கிறார்கள். வரைபடத்தில் ஒரு விரலளவு. குழியின் அடியில் நின்று பார்ப்பவனுக்கு அது பாட்டன் சேர்த்த மண்.

அந்த ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? வில்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. உட்கடலிலிருந்து மணலை இறைத்துக் கொட்டி, ஃபுனாஃபுட்டியில் சுமார் 7 ஹெக்டேர் புதிய நிலத்தை மேடாக்கியிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த அதற்கு ஃபலேபிலி என்று தங்கள் மொழியிலேயே பெயர். அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் செய்யும் பராமரிப்பைக் குறிக்கும் பழைய சொல் அது. ஆண்டுக்கு 280 பேர் அங்கே போய் நிரந்தரமாகக் குடியிருக்கலாம், விரும்பும்போது ஊருக்கு வந்து போகலாம்; கடல் உயர்ந்தாலும் துவாலு என்ற நாடு நாடாகவே தொடரும் என்பதும் அதில் ஒரு ஷரத்து. பதிலுக்கு, வேறு நாட்டோடு பாதுகாப்பு ஏற்பாடு செய்வதென்றால் ஆஸ்திரேலியாவின் சம்மதம் பெறவேண்டும். அண்டை வீட்டார் பரிவிலும் விலைச்சீட்டு ஒட்டியிருக்கிறது என்று சொல்கிறவர்களைக் குறைகூற முடியாது. 2025-இல் முதல் குலுக்கலுக்குப் பெயர் பதியத் தொடங்கிய சில நாட்களிலேயே, குடும்பத்தாரையும் சேர்த்தால், நாட்டு மக்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் பதிந்துவிட்டார்கள்.

விசுவாசம் எங்கே போயிற்று என்று இங்கே ஒருவர் கேட்கக்கூடும். பேழை செய்த நோவாவைக் கேட்டால் தெரியும் என்று மயிலாடிக்காரர் சொல்வார். எனக்குத் தோன்றுவது வேறொன்று. அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டு நகைத்த நமக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது துவாலு நிச்சயமாக இல்லாமல் போகும் என்பது. இதைப் பரிதாபத்தோடு சொல்வதனால் இதுவும் ஒரு மதக் கொள்கை போல நம்மிடம் கேள்வியின்றி இருந்து வருகிறது. மூழ்கப் போகிற ஊருக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, கடற்சுவர் எதற்கு, குழியில் மறுபடி மண் சேர்ப்பது எதற்கு என்று பணம் கொடுக்கக்கூடியவர் நினைத்துவிட்டால், நாம் முன்கூட்டியே கேட்ட துக்கமே அந்த வீட்டில் துக்கத்தைக் கொண்டுவந்துவிடும். முதியவர்களின் வில் தவறாகவே இருக்கட்டும். அதனால் ஒரு குழியாவது பராமரிக்கப்படுகிறது. நம்முடைய இரங்கற்பாவினால் விளைந்த நன்மை இன்னதென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூச்சு விடுகிறவன் தலைமாட்டில் விளக்கேற்றி வைப்பதை நம் கிராமங்களில் எந்தப் பாட்டியும் பொறுக்கமாட்டாள்.

விமானம் கக்கும் புகை விஷயத்தில் மட்டும் எனக்கு நியாயம் ஒன்றும் கிடைக்கவில்லை. போகாமல் இருந்துவிடலாம் என்று இருமுறை தீர்மானித்து, இருமுறை மாற்றிக்கொண்டேன். பிராயச்சித்தம் என்று மரம் நடுவதற்குப் பணம் வாங்கிக்கொள்ளும் கம்பெனிகள் இருக்கின்றன. பாவமன்னிப்புச் சீட்டு விற்ற காலம் நினைவுக்கு வந்ததனால் அந்தப் பக்கம் போகவில்லை. போவதென்றால் நாலு நாளில் பார்த்துவிட்டு ஓடிவராமல் மூன்று வாரமாவது இருந்து வருவது, பார்வையாளனாக அன்றி விருந்தாளியாகப் போவது என்ற அளவில் மனத்தைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். இது சமாதானந்தான், நியாயம் அன்று.

விருந்தாளியாகப் போவதென்றால் அந்த வீட்டார் அழைக்க வேண்டுமே! ஃபுனாஃபுட்டியில் சில அறைகளை வைத்துத் தங்குவோருக்கு விடும் ஓர் அம்மாளுக்குக் கடிதம் எழுதியிருந்தேன். அதில் தேவையற்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துவிட்டேன். தங்கள் நாட்டின் நிலைமை குறித்து மிகவும் வருந்துகிறேன் என்று. பதில் எட்டு நாள் கழித்து வந்தது. வருத்தத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அறைக்குக் கொசுவலை உண்டு, மழை இல்லாவிட்டால் குளிக்க ஒரு வாளி நீர்தான் கிடைக்கும், குடியேற்ற அதிகாரிகள் திரும்பிப் போகும் சீட்டைக் காட்டச் சொல்வார்கள், மறந்துவிட வேண்டாம் என்று வரிசையாக எழுதிவிட்டு, இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குத் தங்களோடு வருவேனா, வருவதானால் சனிக்கிழமையே அடுப்பில் வைக்கும் புலாக்காவில் எனக்கும் சேர்த்து வைக்கவேண்டும் என்பது ஒன்று. நாடி வழியாகத்தானே வருகிறேன், அங்கேயுள்ள இந்தியர் கடைகளில் கறி மசாலாத்தூள் இரண்டு பொட்டலம் வாங்கி வர முடியுமா என்பது மற்றொன்று. சுவாவில் படித்த காலத்தில் பழகிய ருசியாம். விலையைக் கணக்கில் கழித்துக்கொள்ளலாமாம்.

கடிதத்தைக் கொண்டுபோய் எதிர்வீட்டில் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்துவிட்டு, "சபைக்கு வர்றதா உடனே பதில் எழுதிடுங்க, தம்பி. கிழங்கு வேகிற கணக்கு இருக்கில்ல" என்றார்.

நாடியில் விமானம் மாறுவதற்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருக்கிறது. 1903 முதல் 1916 வரை நம் தென்னாட்டிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் பேரப் பிள்ளைகள் அங்கே எழுப்பியிருக்கும் சிவசுப்பிரமணியர் கோயிலுக்குப் போய்விட்டு, கடைத்தெருவுக்குப் போக உத்தேசம். அம்மாள் இரண்டு பொட்டலம் என்று எழுதியிருக்கிறார். நான்காக வாங்கிக்கொள்ளலாம் என்று பெட்டியில் இடம் விட்டு வைத்திருக்கிறேன்.